உத்தரவாதம் முடிந்த காரின் உட்புறக் கோளாறுகள்: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

நன்றாகப் பராமரிக்கப்பட்ட காரில்கூட, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு இன்ஜின் குறையின்றி ஓடிக்கொண்டிருக்க, உட்புறம் ஒவ்வொன்றாகப் பழுதாகத் தொடங்கும். கூரைத் துணி தொங்கும்; பட்டன்கள் பிசுபிசுக்கும்; ஏசி ஒரு பக்கம் மட்டும் குளிரும்; காலடி விரிப்பு காரணம் தெரியாமல் நனைந்திருக்கும். இவற்றுக்காக ஒர்க்‌ஷாப்பில் தரப்படும் எஸ்டிமேட் தொகை, காரின் இன்றைய மதிப்போடு ஒப்பிட்டால் திகைக்க வைப்பதாக இருக்கும். உட்புறப் பாகங்கள் பெரும்பாலும் முழுத் தொகுப்பாகவே விற்கப்படுவதும், அந்தத் தொகுப்பை எட்டுவதற்குப் பல மணி நேரம் கழற்றிப் பூட்ட வேண்டியிருப்பதுமே அதற்குக் காரணங்கள். உண்மையில் கெட்டிருப்பதோ ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரமாகவோ, அடைபட்ட ஒரு குழாயாகவோ, கதவின் கீலருகே அறுந்த ஒரு வயராகவோ இருக்கும். அந்தச் சிறு பொருளை முதலில் கண்டுபிடித்தவர் பெரிய தொகுப்புக்குப் பணம் கொடுக்க வேண்டியிராது. ஆகவே கீழே உள்ளவற்றைப் பாகங்களின் வரிசையில் எழுதாமல், கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் முதலில் தெரியும் அறிகுறிகளின் வரிசையில் எழுதியிருக்கிறேன்.

எதையும் கழற்றுமுன்

காரின் சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துகளும் இலக்கங்களுமாக 17 குறிகள் கொண்ட அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலோ சர்வீஸ் மையத்திலோ கொடுத்து, உங்கள் காருக்கு ரீகால் (குறைபாடுள்ள பாகத்தைச் சரிசெய்யத் தயாரிப்பாளரே காரைத் திரும்ப அழைப்பது) ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்று கேளுங்கள். பாதுகாப்புக் குறைபாட்டுக்கான ரீகால், சாதாரண உத்தரவாதக் காலத்தோடு முடிந்துவிடுவதில்லை. கார் மூன்றாவது கைக்கு மாறியிருந்தாலும் பொதுவாக இலவசமாகவே செய்து தரப்படும். இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு டக்காட்டா ஏர்பேக் விவகாரம். அந்நிறுவனத்தின் ஏர்பேக்குகளை ஊதவைக்கும் கருவியில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் உட்பட்டுச் சிதைந்து, விபத்தின்போது உலோகக் கூட்டையே வெடிக்கச் செய்து துண்டுகளைப் பயணிகள்மீது வீசியது. உலகெங்கும் சுமார் 10 கோடிக் கருவிகள் திரும்பப் பெறப்பட்டன. நிறுவனம் 2017இல் திவாலானது. கார் பழையதாகும்போதுதான் ஆபத்து கூடும் என்பதால், பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

ரீகாலைத் தவிர விசாரிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. குறிப்பிட்ட ஒரு பாகம் பல கார்களில் ஒரே மாதிரி கெட்டுப்போகும்போது, அந்தப் பாகத்துக்கு மட்டும் தயாரிப்பாளர் உத்தரவாதத்தை நீட்டிப்பதுண்டு. வெயிலில் பிசுபிசுத்து மினுமினுத்த டாஷ்போர்டுகளுக்குச் சில நிறுவனங்கள் அப்படிச் செய்தன. மற்றொன்று, ஒர்க்‌ஷாப்புகளுக்கு அனுப்பப்படும் தொழில்நுட்பச் சுற்றறிக்கை. அது இலவசப் பழுதுபார்ப்பு அன்று. ஆனால் “இந்த அறிகுறிக்கு இதுதான் காரணம்” என்று தயாரிப்பாளரே எழுதிவைத்திருப்பதால், காரணம் தேடும் நேரத்துக்கான கூலி மிச்சமாகும்.

அடுத்தது பாதுகாப்பு. ஸ்டீயரிங், டாஷ்போர்டு, இருக்கையின் பக்கவாட்டு, கூரையின் ஓரங்கள், பக்கத் தூண்கள் ஆகியவற்றில் ஏர்பேக் இருக்கலாம். அவற்றின் வயர்களும் இணைப்பான்களும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றின் அருகே வேலை செய்வதாக இருந்தால், இக்னிஷன் சுவிட்சை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேட்டில் சொல்லப்பட்ட நேரம் வரை காத்திருக்க வேண்டும். மின்தேக்கியில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிய அந்த நேரம் தேவை. ஏர்பேக்கின் இணைப்பை மல்டிமீட்டரால் அளந்து பார்க்கவே கூடாது. மீட்டர் செலுத்தும் சிறு மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கக்கூடும். இணைப்பு கழன்றிருக்கும்போது இக்னிஷனைப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, கோளாறுக் குறியீட்டை ஸ்கேனரால் (காரின் கணினியைப் படிக்கும் கருவி) அழிக்கும் வரை அணையாமல் நிற்கும்.

காலடி விரிப்பு ஈரமாக இருக்கிறது

எல்லா அறிகுறிகளிலும் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொங்கும் கூரை ஓராண்டு காத்திருக்கும், ஈரம் காத்திருக்காது. விரிப்பின் அடியில் உள்ள தடித்த ஃபோம் லிட்டர் கணக்கில் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பல கார்களில் வயர்க் கட்டுகளும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் அந்த ஃபோமின் நடுவிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று விட்டால், அடியில் இணைப்பான்கள் பச்சைப் பூத்து, சில மாதங்களுக்குப் பின் தொடர்பே இல்லாத கோளாறுகளாக வெளிப்படும்.

நீர் எத்தகையது என்று பாருங்கள். வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து முகருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பான வாசனையும் இருந்து, முன்கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப் படலம்போல் மூடினால், அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். அந்தத் திரவத்தின் சூட்டால் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் கோர் கசிகிறது. கூலன்ட் தொட்டியில் அளவு குறைந்திருந்தால் சந்தேகம் உறுதிப்படும். ஹீட்டர் கோரை மாற்றப் பல கார்களில் டாஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும் என்பதால், இது உண்மையிலேயே செலவு பிடிக்கும் வேலை. ஆனால் அதற்கு ஒப்புக்கொள்ளுமுன், கோரில் சேரும் ஹோஸ் இணைப்பும் அதன் ரப்பர் வளையமும் மட்டும் கசிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூலன்ட் நச்சுத்தன்மை கொண்டது. குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் அந்த ஈரத்திலிருந்து விலக்கி வையுங்கள்.

தெளிந்த நீராக இருந்து, ஏசி ஓடும் நாட்களில் மட்டும் முன்பக்கக் காலடியில் சேர்ந்தால், கூலிங் காயிலின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. புழுக்கமான நாளில் ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டு, காருக்கு அடியில் நீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லை என்றால் நீர் உள்ளேதான் வழிகிறது. அடியிலிருந்து அந்தச் சிறு ரப்பர்க் குழாயைக் கண்டுபிடித்து, மென்மையான நைலான் கம்பியால் மெதுவாகக் குத்திவிட்டாலே பெரும்பாலும் தேங்கிய நீர் பாய்ந்து வெளியேறும்.

மழைக்குப் பின் மட்டும் நனைந்தால், நீர் வரும் வழிகள் பெரும்பாலும் மூன்று. கூரையின் ஓரத்திலோ முன் தூணின் மேல்பகுதியிலோ கறை இருந்தால் சன்ரூஃப் வடிகுழாய்களைச் சந்தேகியுங்கள். சன்ரூஃப் நீரே புகாதபடி மூடப்பட்ட அமைப்பு அன்று. உள்ளே இறங்கும் நீரைச் சுற்றியுள்ள வாய்க்கால் ஏந்தி, மூலைகளில் உள்ள மெல்லிய குழாய்கள் வழியே கீழே அனுப்புகிறது. ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் நீரை ஊற்றி, சக்கரத்தின் அருகே அது வெளியேறுகிறதா என்று பாருங்கள். அடைப்பை எடுக்க அழுத்தக் காற்றைப் பயன்படுத்த வேண்டாம். குழாய் அதன் முனையிலிருந்து கழன்றுவிட்டால் கூரையை இறக்கித்தான் மீண்டும் மாட்ட முடியும். இரண்டாவது வழி, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர்கள் இருக்கும் பள்ளம். அங்கே சருகுகள் மட்கி வடிகால் அடைத்தால், நீர் உயர்ந்து ஏசி காற்று இழுக்கும் துளை வழியே உள்ளே வரும். மூன்றாவது வழி கதவு. கண்ணாடியின் வெளிப்புறமாக இறங்கும் மழைநீர் கதவுக்குள் இறங்கி அடித்துளைகள் வழியே வெளியேறுவதே இயல்பு. அது உள்பக்கம் வராமல் தடுப்பது கதவுப் பலகைக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள்தான். பவர் விண்டோ வேலைக்காகக் கதவைத் திறந்த ஒருவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியதால், அடுத்த மழைக்காலம் முழுவதும் என் காரின் பின்காலடி நனைந்துகொண்டிருந்தது. கதவில் என்ன வேலை நடந்தாலும், மூடுமுன் அந்தத் தாள் சுற்றிலும் மீண்டும் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று நின்று பார்த்துவிடுங்கள்.

காரணம் தெரியாவிட்டால், ஒருவர் உள்ளே டார்ச்சுடன் அமர, மற்றவர் வெளியிலிருந்து தோட்டக் குழாயால் மெதுவாக நீர் விட வேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எந்த இடம் கசிந்தது என்பது தெரியாமல் போகும். கசிவை அடைத்தபின் இருக்கைகளைக் கழற்றி, விரிப்பைத் தூக்கி, ஃபோமை முழுவதும் உலர்த்துவது கட்டாயம்.

கூரைத் துணி தொங்குகிறது

பசை விட்டுவிட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கெடுவது பசை அன்று. கூரைத் துணியின் பின்புறம் மெல்லிய பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த ஃபோம்தான் கடினமான பலகையோடு ஒட்டியிருக்கிறது. வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுகள் கழிய, ஃபோம் பொடிந்து மாவாகிவிடுகிறது. விரலால் துணியை அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் மஞ்சளோ பழுப்போ ஆன துகள் கொட்டும். அந்த மாவின்மேல் ஸ்ப்ரே பசையை அடித்து அழுத்தினால், பசை மாவைப் பிடித்துக்கொள்ளும். மாவு பலகையைப் பிடிக்காது. நான் முதல்முறை அப்படித்தான் ஒட்டினேன். சில வாரங்களில் துணி மீண்டும் இறங்கியது மட்டுமல்லாமல், பசை ஊறிய இடங்களில் கறையும் விழுந்தது.

சரியான வழி நீளமானதுதான். ஆனால் பொருள்செலவு குறைந்தது. வெயில் தடுப்பான்கள், கைப்பிடிகள், உள்விளக்கு, தூண் உறைகள் ஆகியவற்றைக் கழற்றி, பலகையை இருவராகச் சேர்ந்து பின்கதவு வழியே வளைக்காமல் வெளியே எடுக்க வேண்டும். ஒரு முறை மடிந்த பலகையில் அந்தக் கோடு என்றைக்கும் தெரியும். தூண் உறைகளின் கிளிப்புகளில் சில, ஏர்பேக் விரியும்போது உறை பறந்து வராமல் பிடித்துக்கொள்ளும் வார் கொண்டவை. கழற்றினால் புதிய கிளிப் போட வேண்டும் என்று கையேடு சொன்னால் அதைப் போட்டே ஆக வேண்டும். பலகையை வெளியே எடுத்தபின், பழைய துணியை உரித்து, மென்மையான பிரஷ்ஷால் ஃபோம் மாவை முழுவதும் துடைத்து நீக்குங்கள். இந்த வேலைக்கு முகக்கவசம் வேண்டும். இந்த வேலையில் அவசரப்பட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீண். பிறகு ஃபோம் ஒட்டிய புதிய கூரைத் துணியையும், அதிக வெப்பம் தாங்கும் காண்டாக்ட் பசையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரு பரப்புகளிலும் பசை தடவி, தொட்டால் கையோடு வராமல் லேசாகப் பிடிக்கும் நிலை வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி உள்ளங்கையால் பதித்துச் செல்ல வேண்டும். குழிகளில் துணியை இழுத்து விறைப்பாக ஒட்டினால் வெயிலில் மீண்டும் எழும்பும். குழிக்குள் தளர்வாக இறக்கிவிட்டு அழுத்துங்கள்.

இப்போதைக்கு நேரமில்லை என்றால், திருகி உள்ளே செல்லும் கூரைத் துணி ஊசிகள் சில மாதங்களுக்குத் தாங்கும். ஓட்டுநரின் பின்கண்ணாடிப் பார்வையை மறைக்கும் அளவுக்குத் துணி இறங்கியிருந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம்.

ஏசி: விசிறி கடைசி வேகத்தில் மட்டும் சுற்றுகிறது

இதைவிடத் தெளிவாகத் தன் காரணத்தைச் சொல்லும் அறிகுறி காரில் வேறில்லை. பழைய அமைப்புகளில் குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் குறைக்கும் பாகம்) வழியே செல்கிறது. கடைசி வேகத்தில் ரெசிஸ்டரைத் தவிர்த்து நேராக மோட்டாருக்குச் செல்கிறது. எனவே கெட்டிருப்பது ரெசிஸ்டர்; மோட்டார் அன்று. அது பெரும்பாலும் டாஷ்போர்டின் கீழே காற்றுக் குழாயில் இரண்டு ஸ்க்ரூக்களில் நிற்கும் சிறு பாகம். அதன் இணைப்பான் கருகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். புதியதும் சில மாதங்களில் எரிந்தால், மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கலாம். மோட்டாரின் தாங்கி (பேரிங்) இறுகியிருக்கிறதா, ரெசிஸ்டரைக் குளிர்விக்கும் காற்றை அடைபட்ட கேபின் ஃபில்டர் தடுக்கிறதா என்று பாருங்கள்.

ஏசி: டாஷ்போர்டுக்குள் ‘டக் டக்’ ஒலி, ஒரு பக்கம் சூடு

காரை இயக்கியதும் சில நொடிகள் சீரான டக் டக் ஒலி கேட்டு நின்றுவிடுவதும், ஒரு பக்கத் துவாரத்தில் குளிரும் மறுபக்கத்தில் சூடும் வருவதும் பெரும்பாலும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் மடலைத் திருப்பும் சிறு மோட்டாரின் உள்ளே, பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் பல் உடைந்திருக்கிறது. ஏசி வாயு குறைந்திருந்தாலும் சில கார்களில் ஒரு பக்கம் மட்டும் குளிர்ச்சி குறையும். ஆகவே ஒலி இல்லாமல் சூடு மட்டும் இருந்தால் முதலில் வாயுவின் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒலியும் இருந்தால், வெப்பநிலைக் குமிழை இரு கோடிகளுக்கும் திருப்பி, எந்த இடத்திலிருந்து ஒலி வருகிறது என்று கையை வைத்து உணருங்கள். பல கார்களில் இந்த மோட்டார் ஒன்றுக்கு மேற்பட்டு இருப்பதால், எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றுவது வீண்செலவு. மாற்றியபின் அது மடலின் இரு எல்லைகளையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். சில கார்களில் ஃப்யூஸைச் சிறிது நேரம் கழற்றினாலே போதும், சிலவற்றில் ஸ்கேனர் தேவை.

பட்டன்களும் கைப்பிடிகளும் பிசுபிசுக்கின்றன

இது அழுக்கு அன்று; எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. பிளாஸ்டிக்கின்மேல் மென்மைக்காகப் பூசப்பட்ட பாலியூரித்தேன் பூச்சு, காற்றின் ஈரத்தாலும் கைகளின் எண்ணெயாலும் சிதைந்து பசையாகிவிட்டது. சிதைந்த பூச்சை மீட்க முடியாது, நீக்கத்தான் முடியும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, முதலில் மறைவான ஓரத்தில் சோதித்து, பிறகு பொறுமையாகத் துடைத்தால் பூச்சு உருண்டு வந்து, அடியில் உறுதியான பிளாஸ்டிக் தெரியும். பட்டனின் குறியீடுகள் பூச்சின்மேல் அச்சிடப்பட்டிருந்தால் அவையும் போய்விடும் என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள். தின்னரும் அசிட்டோனும் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும், தொடவே வேண்டாம்.

டாஷ்போர்டு வெடித்திருந்தால் நிலைமை வேறு. வினைலை வளையவைக்கும் சேர்மம் வெயிலில் வெளியேறி, தோல் இறுகிப் பிளக்கிறது. பிளவுகளுக்கு மேல் ஒட்டும் வார்ப்பு உறைகள் தோற்றத்தைக் காப்பாற்றும். ஆனால் பயணிப் பக்க ஏர்பேக் கிழித்துக்கொண்டு வரும் பகுதியின்மேல் உறையோ பசையோ நிரப்பியோ எதுவும் வரக்கூடாது. அங்கே பிளவு விழுந்திருந்தால் அது அழகு சார்ந்த பிரச்சினை அல்ல. அந்தப் பகுதியை முறைப்படி மாற்ற வேண்டும். இதே காரணத்தால், பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கைக்கு, அதற்கென்று வடிவமைக்கப்படாத உறையை மாட்டவும் கூடாது.

கண்ணாடி ஏறவில்லை, அல்லது கோணலாக ஏறுகிறது

இரவில் உள்விளக்கைப் போட்டுவிட்டு பவர் விண்டோ சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. எங்கோ இறுகி நிற்கிறது. மங்கவே இல்லை என்றால் மின்வழி அறுந்திருக்கிறது. மோட்டார் சுற்றும் ஒலி கேட்டும் கண்ணாடி நகராவிட்டால், ரெகுலேட்டரின் (கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பு) கேபிளோ, கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பற்றியோ உடைந்திருக்கிறது. பல மாடல்களுக்கு அந்தப் பற்றிகள் தனியாகவே கிடைக்கின்றன. மெதுவாக ஏறினால், மோட்டாரைக் குறைசொல்லுமுன் கண்ணாடி ஓடும் ரப்பர்ப் பள்ளங்களைத் துடைத்து சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள்.

ஒரே கதவில் கண்ணாடி, பூட்டு, ஸ்பீக்கர் ஆகியவற்றில் இரண்டோ மூன்றோ ஒன்றாகச் செயலிழந்தால், எந்த மோட்டாரையும் வாங்காதீர்கள். கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையே உள்ள ரப்பர்க் குழாய்க்குள், ஆயிரக்கணக்கான முறை வளைந்த வயர்களில் ஒன்று அறுந்திருக்கிறது. கதவைப் பாதி திறந்து ஆட்டிக்கொண்டே சுவிட்சை அழுத்தும்போது ஒரு கணம் வேலை செய்தால் அதுவே சான்று. அறுந்த இடத்தில் நெகிழ்வான புதிய வயர்த் துண்டைச் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். இணைப்பு, வளையும் இடத்துக்கு அப்பால் அமைய வேண்டும்.

ஹாரன் அடிக்கவில்லை, ஏர்பேக் விளக்கு எரிகிறது

இவ்விரண்டும் ஸ்டீயரிங்கில் உள்ள பட்டன்களோடு சேர்ந்து ஒரே காலத்தில் கெட்டால், ஸ்டீயரிங்கின் பின்னால் கடிகாரச் சுருள்போல் சுற்றப்பட்ட தட்டை வயர் அறுந்திருக்கிறது. மெக்கானிக்குகள் இதை கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். ஏர்பேக்கைக் கழற்றாமல் இதை எட்ட முடியாது என்பதால் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே முறை. அவரும் சக்கரங்களை நேராக வைத்து, சுருளை நடுநிலையில் பொருத்த வேண்டும். தவறினால் முழுத் திருப்பத்தில் புதியதும் அறுந்துவிடும். விளக்கு மட்டும் எரிந்து ஹாரன் நன்றாக இருந்தால், இருக்கைக்கு அடியில் உள்ள மஞ்சள் இணைப்பான் தளர்ந்திருக்கலாம்; இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்திய பிறகு விளக்கு வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை, விபத்தில் ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது.

மீட்டர் திரையில் எழுத்துகள் மங்குகின்றன

பெரும்பாலும் திரைக்கும் பலகைக்கும் இடையே உள்ள ரிப்பன் கேபிளின் ஒட்டு விட்டிருக்கும். புதிய மீட்டர் தொகுப்பை வாங்குவதைவிட, பழையதையே மின்னணுப் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது மலிவு; ஓடிய தூரத்தின் கணக்கும் மாறாமல் இருக்கும்.

தொகுப்பாகவே மாற்ற வேண்டும் என்று சொல்லப்படுகிறது

எஸ்டிமேட்டில் பாகத்தின் விலையையும் கூலி நேரத்தையும் தனித்தனியே எழுதித் தரக் கேளுங்கள். எந்த உட்பாகம் கெட்டது, எந்தச் சோதனையால் அது தெரிந்தது என்றும் கேளுங்கள். சோதனை எதுவும் செய்யாமல் தொகுப்பை எழுதியிருந்தால் இன்னொருவரிடம் காட்டுங்கள். டாஷ்போர்டை இறக்கியே ஆக வேண்டிய வேலை வந்தால், அதே கூலியில் எட்டக்கூடிய கூலிங் காயில், மடல் மோட்டார்கள், ரப்பர் வளையங்கள் ஆகியவற்றின் நிலையையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கோளாறு வடிவமைப்புக் குறையாகத் தோன்றினால், உத்தரவாதம் முடிந்திருந்தாலும் தயாரிப்பாளரிடம் நல்லெண்ண உதவி கேட்கலாம். பழுது பார்க்குமுன் கேட்க வேண்டும். பார்த்தபின் கேட்டால் ஆய்வு செய்ய எதுவும் மிஞ்சியிராது. சேஸிஸ் எண், ஓடிய தூரம், சர்வீஸ் பில்களின் நகல், புகைப்படங்கள், எஸ்டிமேட் ஆகியவற்றை இணைத்து, “பாகத்தின் விலையை நிறுவனம் ஏற்க வேண்டும், கூலியை நான் தருகிறேன்” என்பதுபோல் வரையறுத்த ஒரு கோரிக்கையாக எழுதுங்கள். உதவி கிடைக்கும் வாய்ப்பு, உத்தரவாதம் முடிந்த சில மாதங்களில் அதிகம், ஆண்டுகள் கூடக் கூடக் குறையும். மறுக்கப்பட்டால் மறுப்பை எழுத்தில் வாங்கி வையுங்கள். அந்தப் பாகத்துக்குப் பின்னாளில் உத்தரவாதம் நீட்டிக்கப்பட்டால், ஏற்கெனவே செலவழித்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதுண்டு, அப்போது பில்லும் கடிதமும் தேவைப்படும்.

உடைத்து விற்கும் இடங்களிலிருந்து பட்டன், கைப்பிடி, தூண் உறை, ரெகுலேட்டர் ஆகியவற்றை வாங்குவதில் தவறில்லை. நிறக் குறியீட்டையும் பாக எண்ணையும் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். ஏர்பேக், சீட் பெல்ட், கிளாக் ஸ்பிரிங் ஆகிய மூன்றையும் அங்கிருந்து வாங்க வேண்டாம். அவை எந்த விபத்தைக் கண்டன, எத்தனை நாள் நீரில் கிடந்தன என்பது வெளித்தோற்றத்தில் தெரியாது.